பிரஸ் மீட்டும் ரக்பி கோச்சும்: சீசன் முழுக்கப் பேச்சைக் கையாளும் முறை

ரக்பி கோச் ஒருவர் சீசன் ஓடும்போது வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறையாவது மைக் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். அணி அறிவிக்கும் நாள் ஒன்று, மேட்ச் நாள் இன்னொன்று. பெரிய லீக்குகளில் மேட்ச் நாள் மட்டுமே மூன்று பேட்டிகளைக் கேட்கும்: ஆட்டத்துக்கு முன் ஒளிபரப்பு நிறுவனத்துக்கு ஒன்று, விசில் ஊதியதும் மைதான ஓரத்தில் ஒன்று, அதன்பின் கேப்டனை அருகில் வைத்துக்கொண்டு பத்திரிகையாளர் சந்திப்பு. அங்கே பேசுவதை ரசிகர்கள்தான் முதலில் கேட்கிறார்கள் என்று பல கோச்சுகள் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் கேட்பது சொந்த அணி வீரர்கள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஃபோனில் பார்த்துவிடுவார்கள். அடுத்து நடுவர் குழுவின் பொறுப்பாளர், எதிரணியின் வீடியோ அனலிஸ்ட், கிளப் நிர்வாகம். ஆகவே அடிப்படை விதி ஒன்றுதான்: டிரெஸ்ஸிங் ரூமில் சொல்லாத எதையும் மைக்கில் முதல் தடவையாகச் சொல்லக் கூடாது. கீழே வருவதெல்லாம் இந்த விதியை நடைமுறையில் காப்பாற்றும் வழிகள்.

சீசன் தொடங்கும் முன் முடிக்க வேண்டியவை

யார் எதைப் பற்றிப் பேசுவது என்பதை எழுதி வையுங்கள். காயம் பற்றிய வாசகத்தை மருத்துவக் குழுத் தலைவர் தருவார், கோச் அதை அப்படியே சொல்வார். ஒப்பந்தம், சம்பளம், வீரர் மாற்றம் எல்லாம் நிர்வாகத்தின் வேலை. ஒழுங்கு நடவடிக்கை பற்றி கிளப் அறிக்கை மட்டும் பேசும். இங்கிலாந்து கிளப்புகள் பலவற்றில் ரக்பி இயக்குநர் ஒருவர், தலைமைப் பயிற்சியாளர் வேறொருவர். எந்த நாளில் யார் உட்காருவது என்று முன்பே பிரித்துவிடாவிட்டால் ஒரே தேர்வுக்கு இரண்டு காரணங்கள் வெளியே வரும்.

அணியின் மூத்த வீரர்கள் ஐந்தாறு பேரை உட்கார வைத்து, தனி ஒரு வீரரின் ஆட்டத்தைப் பற்றி வெளியே எவ்வளவு பேசுவோம், எங்கே நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லிவிடுங்கள். லைன்-அவுட் என்பது பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை மீண்டும் உள்ளே எறியும் முறை, பொதுவாக எறிபவர் ஹூக்கர். "லைன்-அவுட் சரியில்லை" என்று வெளியே சொல்லலாம். "ஹூக்கரின் எறிதல் சரியில்லை" என்பது அறைக்குள் இருக்க வேண்டியது. இரண்டும் ஒரே தோல்வியைப் பற்றியவைதான். ஆனால் முதலாவதில் தூக்குபவர், குதிப்பவர், சிக்னல் கொடுப்பவர், எறிபவர் எல்லோரும் அடக்கம். இரண்டாவதில் ஒரே ஆள் மாட்டிக்கொள்கிறார். பெரும்பாலும் அந்த ஒருவர் மேல் தப்பும் இருக்காது, குதிப்பவர் அரை வினாடி தாமதமாகக் கிளம்பியிருப்பார்.

பிறகு ஒரு மாதிரி பிரஸ் மீட். மீடியா மேனேஜர் பத்து கடுமையான கேள்விகளைக் கேட்கட்டும், இருபது நிமிடம் போதும். ஃபோனில் பதிவு செய்து, முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்குக் கண் கீழே போகிறது, எப்போது கை மேசையைத் தட்டுகிறது என்பது அப்போதுதான் தெரியும். சீசனில் உங்களைச் சிக்க வைக்கப் போகும் கேள்விகள் அவைதான்.

உள்ளூர் நிருபர்களை அழைத்து ஸ்க்ரமும் (இரு அணி முன்னணி வீரர்கள் கோத்துக்கொண்டு தள்ளுவது) ரக்கும் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் நின்று தள்ளுவது) எப்படி நடக்கின்றன என்று வீடியோ போட்டு விளக்குவதும் நல்ல வழக்கம். ஆட்டம் புரிந்த நிருபர் சர்ச்சையைத் தேடிப் போக வேண்டிய அவசியம் குறைகிறது. அந்தச் சந்திப்பு செய்திக்கானதா, பின்னணிக்கு மட்டுமா என்பதைப் பேசத் தொடங்கும் முன்பே தெளிவாக்குங்கள். பேசி முடித்தபின் "இதைப் போடாதீர்கள்" என்றால் அதற்கு மதிப்பில்லை.

வாரத்தின் ஒழுங்கு

சனிக்கிழமை மேட்ச் என்று வைத்துக்கொண்டால், திங்கள் வீடியோவுக்கும் மருத்துவ அறிக்கைக்கும். அன்று கோச் பேசாமலிருப்பதே நல்லது. செவ்வாயன்று உதவிப் பயிற்சியாளர் ஒருவரும் இரண்டு வீரர்களும் பேசலாம். வியாழனன்று அணி அறிவிப்பு. சர்வதேச ஆட்டங்களில் பொதுவாக ஆட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பு 23 பேர் பட்டியல் வரும், 15 பேர் தொடக்கத்தில், 8 பேர் பெஞ்சில்.

பட்டியல் வியாழனன்று வெளியானாலும் வீரர்களுக்குத் திங்களோ செவ்வாயோ தெரிந்துவிடும், தெரியாமல் பயிற்சி ஆட முடியாது. ஆகவே கசிவதற்கு இரண்டு நாள் இருக்கிறது. நீக்கப்பட்டவரிடம் முதலில் நேரில், தனியாக, பிறகு அணிக் கூட்டம், அதன்பின்தான் வெளியே. இந்த வரிசை ஒரு தடவை மாறினால் அந்த வீரர் மட்டுமல்ல, அடுத்து நீக்கப்படலாம் என்று பயப்படுபவர்களும் உங்களை நம்புவதை விட்டுவிடுவார்கள்.

காரணம் சொல்லும்போது ரக்பி சார்ந்த ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள், எத்தனை பேர் கேட்டாலும் அதையே திரும்பச் சொல்லுங்கள். 2013இல் ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் & ஐரிஷ் லயன்ஸ் அணியின் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த கூட்டணி) மூன்றாவது டெஸ்ட்டுக்கு அதன் கோச் வாரன் கேட்லண்ட் அயர்லாந்தின் பிரையன் ஓ'டிரிஸ்கோலை நீக்கியபோது அயர்லாந்தே கொதித்தது. காயத்திலிருந்து திரும்பிய ஜேமி ராபர்ட்ஸை 12ஆம் எண்ணிலும் ஜோனதன் டேவிஸை 13இலும் (இவை இரண்டும் சென்டர் இடங்கள்) ஜோடியாக வைத்து ஆடுவது என்பது முடிவு. லயன்ஸ் 41-16 என வென்றதால் சர்ச்சை அடங்கியது. தோற்றிருந்தாலும் அந்தக் காரணம் நின்றிருக்கும். ஆட்களை வைத்துச் சொன்ன காரணமாக இல்லாமல், ஜோடியை வைத்துச் சொன்ன காரணம் என்பதால்.

காயமும் தலையடியும்

ஸ்கேன் எடுக்கும் முன் வாரக் கணக்கு சொல்லாதீர்கள். "இரண்டு வாரம்" என்று சொல்லி ஆறு வாரம் ஆனால் மருத்துவக் குழு தவறு செய்தது போலத் தெரியும், வீரரும் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்ற அழுத்தத்துக்கு ஆளாவார்.

தலையடியில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஹெச்ஐஏ எனப்படும் தலைக்காய மதிப்பீடு மூன்று கட்டம்: ஆட்டத்தின்போது மைதானத்துக்கு வெளியே 12 நிமிட இடைவெளியில் முதலாவது, ஆட்டம் முடிந்த மூன்று மணி நேரத்துக்குள் இரண்டாவது, 36 முதல் 48 மணி நேரம் கழித்து மூன்றாவது. பிரஸ் மீட் நடக்கும்போது மூன்றாவது கட்டம் நடந்திருக்கவே முடியாது. ஆகவே "நன்றாக இருக்கிறார், உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறார்" என்பது ஆறுதலுக்காகச் சொன்னாலும் தவறான தகவல். "மதிப்பீட்டுக்குப் போனார், நெறிமுறைப்படி நடக்கிறது, அடுத்து டாக்டர் சொல்வார்" என்று சொல்லி நிறுத்துங்கள். 2020 டிசம்பரில் இங்கிலாந்து, வேல்ஸ் முன்னாள் வீரர்கள் மூளைப் பாதிப்புக்காகச் சட்ட நடவடிக்கை தொடங்கியதற்குப் பிறகு, தலையடி பற்றி கோச் சொல்லும் எந்த வார்த்தையும் சாதாரண வார்த்தையல்ல.

எதிரணி வீரரின் உடல்நிலையைத் தொடவே கூடாது. 2016இல் அப்போதைய இங்கிலாந்து கோச் எடி ஜோன்ஸ் அயர்லாந்தின் ஜானி செக்ஸ்டனுக்கு ஏற்பட்ட கழுத்துக் காயத்தைக் குறிப்பிட்டு அவருடைய பெற்றோர் கவலைப்படுவார்கள் என்று பேசியது அந்த வாரம் முழுக்க இங்கிலாந்து அணியையே துரத்தியது.

நடுவரைப் பற்றிய கேள்வி

அபராதமும் தடையும் அதிகம் கிளம்புவது இங்கேதான். உலக ரக்பி அமைப்பின் 20ஆம் ஒழுங்குமுறை, நடுவர் ஆட்டத்தை நடத்திய விதத்தை வெளியில் விமர்சிப்பதைத் தவறான நடத்தையாகவே பார்க்கிறது. சொன்னது சரியா தவறா என்ற கேள்விக்கே அங்கே இடம் குறைவு. சொன்ன இடம்தான் பிரச்சினை.

2021 ஜூலை 24, கேப் டவுன். லயன்ஸ் முதல் டெஸ்ட்டை 22-17 என வென்றது. அடுத்த சில நாட்களில் தென்னாப்பிரிக்க ரக்பி இயக்குநர் ராசி எராஸ்மஸ் நடுவர் நிக் பெரியின் முடிவுகளைக் கிளிப் கிளிப்பாக அலசும் 62 நிமிட வீடியோ இணையத்தில் பரவியது. நடுவர் தரப்பிலிருந்து பதில் வரத் தாமதமானது என்பது எராஸ்மஸ் சொன்ன குறை. கேட்கத் தகுந்த குறைதான். ஆனால் நவம்பரில் தீர்ப்பு வந்தபோது இரண்டு மாதம் எல்லா ரக்பிப் பணிகளிலிருந்தும் தடை, 2022 செப்டம்பர் 30 வரை மேட்ச் நாள் பணிகளிலிருந்து தடை, தென்னாப்பிரிக்க ரக்பி சங்கத்துக்கு 20,000 பவுண்டு அபராதம். 2022 நவம்பரில் நடுவர் முடிவுகளைக் காட்டும் கிளிப்புகளோடு ட்வீட் போட்டதற்காக மறுபடியும் இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. பிரான்ஸ் ஆட்டத்தின் நடுவர் வெய்ன் பார்ன்ஸுக்கு இணையத்தில் மிரட்டல்கள் வந்தன. கோச் நேரடியாகத் திட்டவில்லை என்றாலும் பின்னால் வரும் கூட்டம் அவர் காட்டிய திசையில்தான் போகும்.

குறை உண்மையாகவே இருந்தால் செய்ய வேண்டியது இது. ஞாயிறு காலை, தூங்கி எழுந்தபின், அனலிஸ்ட்டோடு உட்காருங்கள். ஐந்தாறு கிளிப்புக்கு மேல் வேண்டாம். இருபது அனுப்பினால் புலம்பலாகப் படிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஆட்ட நேரம், சட்ட எண் (டேக்கிளுக்கு 14, ரக்குக்கு 15, ஸ்க்ரமுக்கு 19), ஒரே வரிக் கேள்வி. அதோடு உங்கள் அணிக்குச் சாதகமாகப் போன ஒரு தவறான முடிவையும் சேர்த்து அனுப்புங்கள். நடுவர் பொறுப்பாளர் உங்களை ஆட்டத்தை நேர்மையாகப் பார்ப்பவராக எடுத்துக்கொள்வார், அடுத்த வார ஆட்டத்துக்கு முந்தைய நடுவர் சந்திப்பில் அது பலன் தரும். "ஆம், அது தவறு" என்று பதில் வந்தால் அதை வெளியே சொல்லாதீர்கள். ஒரு தடவை சொன்னால் அந்த வாசல் பூட்டப்பட்டுவிடும்.

பிரஸ் மீட்டில் கேள்வி இப்படி வரும்: "68ஆவது நிமிடத்தில் ஸ்க்ரம் பெனால்டி உங்களுக்கு எதிராகப் போனது. அது சரியா?"

மோசமான பதில்: "நான் பேசினால் ஃபைன் போடுவார்கள். நீங்களே பாருங்கள்." புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் இதுவும் விமர்சனம்தான், நடுவர் குழு அப்படித்தான் படிக்கும்.

நல்ல பதில்: "ஸ்க்ரமில் இன்று நான்கு பெனால்டி கொடுத்தோம். முதல் இரண்டு வந்தபோதே எங்கள் முன்வரிசை கோணத்தை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. நடுவர் பற்றி ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் அதற்கான வழியில் கேட்போம்." எண்ணிக்கை இருக்கிறது, சொந்தத் தவறு இருக்கிறது, ஒரு ஆளைக் குறிக்காமல் வரிசையைச் சொல்கிறது, குறை இருக்கக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. நிருபருக்கு எழுத விஷயமும் கிடைத்துவிட்டது.

விசில் ஊதிய ஐந்து நிமிடம்

மைதான ஓரப் பேட்டிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மூன்று கேள்வி, ஒன்றரை நிமிடம், உடம்பு இன்னும் ஆட்டத்திலேயே இருக்கும். கோச் பாக்ஸிலிருந்து கீழே இறங்கி வரும் படிக்கட்டுதான் ஆயத்த நேரம். மீடியா மேனேஜர் கூடவே நடந்து மூன்று விஷயம் மட்டும் சொல்ல வேண்டும்: பெனால்டி எண்ணிக்கை, ரெட் கார்டோ தலையடியோ இருந்தால் அதன் நிலை, ஒளிபரப்பாளர் முதலில் எதைக் கேட்கப் போகிறார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். அந்த நான்கு வினாடியில் குரல் இறங்கும்.

"நான் இன்னும் ரீப்ளே பார்க்கவில்லை" என்ற பதில் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். கோச் பாக்ஸில் நேரலைத் திரை இருக்கிறது என்பது அறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். "பார்த்தேன், ஆனால் இப்போது அதைப் பற்றிப் பேச மாட்டேன்" என்பது அதைவிட நேர்மையானது, யாரும் அதைக் குறை சொல்வதில்லை.

பிரஸ் மீட்டுக்குள் நுழையும் முன் கேப்டனோடு இரண்டு நிமிடம் தனியாக நில்லுங்கள். கோச் "டேக்கிள் சரியில்லை" என்று சொல்லி, கேப்டன் "உதைத்து ஆடிய திட்டம்தான் சரியில்லை" என்று சொன்னால் மறுநாள் தலைப்பு அதுதான்.

ரெட் கார்டும் விசாரணையும்

விசாரணை முடியும் வரை சம்பவத்தின் சரி தவறு பற்றிப் பேசாதீர்கள். இதற்கு மரியாதையைத் தாண்டி ஒரு கணக்கு இருக்கிறது. தலையில் படும் டேக்கிளுக்கு நடுத்தரத் தண்டனை ஆறு வாரத்தில் தொடங்கும். வீரர் தவறை ஒப்புக்கொண்டு வருந்தினால், முந்தைய குற்றங்களும் இல்லாவிட்டால், அது பாதியாகக் குறையலாம். கோச் டிவியில் "அது ரெட் கார்டே இல்லை" என்று முழங்கியிருந்தால், திங்களன்று வீரர் வருந்துகிறேன் என்று சொல்வது யார் காதில் ஏறும்?

2023 ஆகஸ்டில் வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் இங்கிலாந்து கேப்டன் ஓவன் ஃபாரெல் பெற்ற ரெட் கார்டு முதல் விசாரணையில் நீக்கப்பட்டது, உலக ரக்பி அமைப்பு மேல்முறையீடு செய்தது, கடைசியில் நான்கு ஆட்டத் தடை வந்தது. இப்படி முடிவு இரண்டு தடவை புரளும் வழக்கில், முதல் தீர்ப்பு வந்த கையோடு வெற்றி கொண்டாடிப் பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை தீர்ப்பு வரவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிரணியைச் சீண்டுவது

பெரும்பாலும் வேண்டாம். 2009 மார்ச்சில் வேல்ஸ் வீரர்களுக்கு மற்ற எல்லா அணிகளையும்விட அயர்லாந்தைத்தான் அதிகம் பிடிக்காது என்று அப்போதைய வேல்ஸ் கோச் கேட்லண்ட் சொன்னார். அயர்லாந்து கார்டிஃபில் 17-15 என வென்று கிராண்ட் ஸ்லாம் (ஆறு நாடுகள் தொடரின் எல்லா ஆட்டங்களிலும் வெற்றி) எடுத்துப் போனது. 2020 பிப்ரவரியில் பாரிஸில் இளம் பிரெஞ்சு அணி முரட்டுத்தனம் என்றால் என்னவென்று பார்க்கப் போகிறது என்ற தொனியில் எடி ஜோன்ஸ் பேசினார், பிரான்ஸ் 24-17. வார்த்தையால் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிரணி கோச்சுக்கு அந்த வாரப் பேச்சைத் தயாரிக்கும் வேலையை மிச்சப்படுத்திக் கொடுத்தார்கள்.

கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் ஆடிவரும் பிராட்பி கேடயம் மரபாக இரண்டு ஆட்டங்களின் கூட்டுப் புள்ளியில் தீர்மானிக்கப்படுவது. இப்படிப்பட்ட போட்டியில் முதல் ஆட்டத்துக்குப்பின் சொன்ன வார்த்தை அப்படியே இரண்டாவது ஆட்டத்தின் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகும். பள்ளி மாணவர்களின் ஆட்டம் என்பதால் அங்கே இன்னும் கவனம் தேவை. பதினெட்டு வயதுப் பையனின் பெயரைத் தோல்வியோடு சேர்த்து எந்தக் கோச்சும் சொல்லக் கூடாது.

தொடர் தோல்வி

சீசனுக்கு முன்பே மூன்று அளவுகளைத் தேர்ந்தெடுங்கள். எதிரணியின் 22 மீட்டர் பகுதிக்குள் ஒவ்வொரு முறை நுழையும்போதும் கிடைத்த சராசரிப் புள்ளி, சொந்த லைன்-அவுட்டில் வென்ற விகிதம், மூன்று வினாடிக்குள் வெளியே வந்த ரக் பந்து. வென்ற வாரங்களிலும் இவற்றையே பேசுங்கள். அப்போதுதான் தோற்ற வாரத்தில் இவை சாக்குப்போக்காகத் தெரியாது. 40-10 என வென்ற நாளில் "லைன்-அவுட் பத்தில் மூன்றை இழந்தோம்" என்று சொன்னவர், தோற்ற நாளில் "லைன்-அவுட் சரியாகிவிட்டது" என்றால் நம்புவார்கள்.

சந்திப்பை ரத்து செய்யாதீர்கள். 2022 ஜூலையில் அயர்லாந்திடம் சொந்த மண்ணில் தொடரை இழந்த மறுநாள் ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து அணியின் கோச் இயன் ஃபாஸ்டரின் பத்திரிகையாளர் சந்திப்பு ரத்தானது. அந்த வெற்றிடத்தை அவருடைய வேலை பறிபோகுமா என்ற ஊகங்கள் நிரப்பின. பத்து நிமிடமாகச் சுருக்கிக்கொள்ளலாம், மூன்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம், ஆனால் வர வேண்டும்.

வேறு வேலை பற்றிய கேள்விக்கு ஒரு நிலையான வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள்: "எனக்கு ஒப்பந்தம் இருக்கிறது, வேலை பற்றி சீசன் நடுவில் பேசுவதில்லை." முதல் வாரத்திலிருந்தே அதைச் சொல்லிப் பழக்குங்கள். 2023 உலகக் கோப்பையின்போது ஜப்பானோடு பேசியதாக வந்த செய்தியை அப்போதைய ஆஸ்திரேலியா கோச் எடி ஜோன்ஸ் மறுத்தார். அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து விலகினார், டிசம்பரில் ஜப்பானின் கோச்சாக அறிவிக்கப்பட்டார். மறுப்பு என்பது பின்னால் சரிபார்க்கப்படும் ஒரு கூற்று. நிலையான வாக்கியத்தில் சரிபார்க்க ஒன்றுமில்லை.

தோற்ற நாளில் பழைய பகை வெளியே வரும். 2022இல் ரக்பி லீக் (ரக்பியின் இன்னொரு வகை) அணியான கான்பெரா ரெய்டர்ஸின் கோச் ரிக்கி ஸ்டூவர்ட் தோல்விக்குப்பின் எதிரணி வீரர் ஒருவரைப் பத்திரிகையாளர் சந்திப்பில் இழிவாகப் பேசினார். ஆஸ்திரேலிய லீக் நிர்வாகம் 25,000 டாலர் அபராதமும் ஒரு வாரத் தடையும் விதித்தது. எந்த அணி, எந்த வீரர் விஷயத்தில் கோச்சுக்குப் பழைய கசப்பு இருக்கிறது என்பது மீடியா மேனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாரம் மட்டும் பிரஸ் மீட்டைப் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடச் சொல்லலாம்.

மைக் இல்லாத இடங்கள்

ஸ்பான்சர் விருந்து, கம்பெனிக் கூட்டம், வாட்ஸ்அப் குரல் பதிவு எல்லாமே பதிவுதான். எடி ஜோன்ஸ் 2017இல் ஒரு நிறுவன நிகழ்ச்சியில் அயர்லாந்தையும் வேல்ஸையும் இழிவாகப் பேசிய வீடியோ 2018 மார்ச்சில், அயர்லாந்து ஆட்டத்தின் வாரத்திலேயே வெளிவந்தது, மன்னிப்புக் கேட்டார். சமூக ஊடகக் கணக்கு இருந்தால் ஆட்டம் முடிந்ததிலிருந்து திங்கள் மதியம் வரை எதுவும் போடாதீர்கள், லைக் உட்பட.

தவறிச் சொல்லிவிட்டால்

முதலில் பாதிக்கப்பட்டவரிடம் பேசுங்கள், சொந்த வீரரானாலும் எதிரணி கோச்சானாலும். பிறகு இரண்டு வரி அறிக்கை: சொன்னது என்ன, அது தவறு. "என் பேச்சைத் திரித்துவிட்டார்கள்" என்ற வரியை எடுத்துவிடுங்கள், முழுப் பதிவும் எல்லோரிடமும் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு சந்திப்பையும் கிளப்பும் தனியாகப் பதிவு செய்து எழுத்தில் வைத்திருக்க வேண்டும். உண்மையாகவே திரிக்கப்பட்டிருந்தால் நிருபரையோ அவருடைய ஆசிரியரையோ தனியாக அழைத்து அந்தப் பதிவைக் கேட்க வைக்கலாம். பெரும்பாலானோர் ஆன்லைன் பதிப்பை அன்றைக்கே திருத்திவிடுவார்கள்.